பயம் ஆறு மாதம், துப்பாக்கி அறுபது வருடம்

பெங்களூரில் தனியாக வாழ்ந்த முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள் என்று ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், அடுத்த சில நாட்களுக்கு லேஅவுட்டுகளிலும் அடுக்ககங்களிலும் பேச்சு ஒரே தடத்தில் ஓடும். கேமரா போதாது, காவலாளியை நம்ப முடியாது, போலீஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வாங்கிவிடுவதே விவேகம். விஷயம் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் அறிவுரையை முழுமையாக்குவார். கைப்பையில் அடங்குகிற சின்னது வேண்டாம். கனமான, முழு அளவிலான, எஃகில் செய்த கைத்துப்பாக்கியாக வாங்கு. ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் தாங்கும். அது அலமாரியில் இருக்கிறது என்ற நினைப்பே தூக்கத்தைக் கொடுக்கும்.

வசதி படைத்த பெங்களூரில் இது வேரூன்றிவிட்ட கருத்து. நகைக்கடைக்காரரும் சொல்கிறார், மென்பொருள் நிறுவன அதிகாரியும் சொல்கிறார், ஊருக்கு வெளியே பண்ணை வீடு கட்டியவரும் சொல்கிறார். எந்தத் துப்பாக்கி என்பதில்தான் அவர்களுக்குள் விவாதம். வேண்டுமா என்பதில் விவாதமே எழுவதில்லை. அந்தக் கருத்து தவறு என்பதுதான் என் வாதம். துப்பாக்கியின் எந்தக் குணத்தை அவர்கள் பெரிய சிறப்பாகச் சொல்கிறார்களோ, அந்த நீடித்து உழைக்கும் குணமே அதை வீட்டுக்கு ஆகாத பொருளாக்குகிறது.

எதிர்த்தரப்பில் நியாயமானவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தற்காப்பு உரிமை என்பது கற்பனையல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34ஆம் பிரிவிலிருந்து 44ஆம் பிரிவு வரை அந்த உரிமையை விரித்துச் சொல்கிறது. கொள்ளையையும், இருட்டியபின் வீட்டை உடைத்து நுழைவதையும் தடுக்கும்போது எதிராளியின் உயிர் போனாலும், சட்டம் வகுத்த வரம்புக்குள் அது குற்றமாகாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, அரசின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது என்பவை அந்த வரம்புகள். தாக்கப்படுகிறவன் கோழையைப் போல ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பதை 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இந்த உரிமையை நான் மறுக்கவில்லை.

துப்பாக்கியைப் பற்றிய அவர்களின் தொழில்நுட்ப அறிவையும் நான் மறுக்கவில்லை. கனமான துப்பாக்கி சுடும்போது குறைவாக உதைக்கும். நீண்ட குழலில் குறிமுனைகளுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால் குறி தவறுவது குறையும். பெரிய கைப்பிடி முழுக் கைக்கும் பிடி கொடுக்கும். 2014 தொடக்கத்தில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை, பெண்களுக்கு என்று சொல்லி ‘நிர்பீக்’ ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டைட்டானியக் கலவை, எடை 500 கிராம், விலை 1,22,360 ரூபாய், நகைப்பெட்டி போன்ற கருஞ்சிவப்புப் பெட்டி. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையின் நினைவை விற்பனைக்குப் பயன்படுத்திய அந்த முயற்சியைப் பெண்ணியவாதிகளும் துப்பாக்கி எதிர்ப்பாளர்களும் அன்றே கண்டித்தார்கள். இலேசான துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவது கடினம் என்று துப்பாக்கி ஆர்வலர்கள் சொன்னதும் சரிதான். ஆனால் ஒரு கருவி மற்றொரு கருவியைவிட மேல் என்று நிரூபித்துவிட்டால், அது வீட்டில் இருக்க வேண்டும் என்பதும் நிரூபணமாகிவிட்டது என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

இன்னொரு பேச்சும் உண்டு. நம் நாட்டில் 9 எம்.எம்., பாயிண்ட் 45 போன்ற ரகங்கள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் 1980களின் நடுவிலேயே பொதுமக்களுக்கு நின்றுபோனது. கையில் கிடைப்பது பெரும்பாலும் பாயிண்ட் 32: கான்பூர் ரிவால்வர், இஷாப்பூரின் ‘அஷானி’ பிஸ்டல், 2023இல் வந்த ‘பிரபல்’ ரிவால்வர், இப்போது சில தனியார் தயாரிப்புகள். ‘பாயிண்ட் 32 வெறும் பொம்மை, அதனால் அதிலாவது பெரியதாக, உறுதியானதாகப் பார்த்து வாங்கு’ என்று தூண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் வாழ்கிற எவரும் இதைச் சொல்லக்கூடாது. 2017 செப்டம்பர் 5 இரவு, ராஜராஜேஸ்வரி நகரில் தன் வீட்டு வாசலில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். பயன்பட்டது 7.65 எம்.எம். நாட்டுத் துப்பாக்கி. பாயிண்ட் 32 பிஸ்டல் ரவைக்கு மில்லிமீட்டர் கணக்கில் வழங்கும் பெயர் அது. 2015 ஆகஸ்ட் 30 காலை தார்வாடில் தன் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்ட கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கியின் உயிரைப் பறித்ததும் அதே துப்பாக்கி என்று தடயவியல் சோதனை காட்டியது. மனித உடலுக்கு முன்னால் எந்தத் துப்பாக்கியும் பொம்மை இல்லை.

அந்த இரண்டு கொலைகளும் வேறொன்றையும் சொல்கின்றன. திட்டமிட்டு வருகிறவன் நேரத்தையும் இடத்தையும் அவனே தேர்ந்தெடுக்கிறான். வீடு திரும்பி வாசலுக்கு வந்த நேரம். வாசலில் ஆள் நிற்கிறார் என்று கதவைத் திறந்த நேரம். எல்லாம் சில நொடிகளில் முடிகின்றன. உள்ளே அலமாரியில் எவ்வளவு உயர்ந்த துப்பாக்கி இருந்தாலும் அந்த நொடிகளுக்குள் அது கைக்கு வராது.

சரி, திருடன் இரவில் வருகிறான் என்றே வைத்துக்கொள்வோம். மணி இரண்டு. பின்கட்டில் கிரில்லை நெம்பும் சத்தம். தூக்கத்தில் இருக்கும் அறுபது வயதுக்காரர் எழ வேண்டும். சத்தம் கனவா நனவா என்று தெளிய வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும். விளக்கைப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்று லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே உறுதி கொடுத்திருப்பதால் அது லாக்கரில் இருக்கிறது, சாவி வேறிடத்தில். லாக்கரைத் திறந்து, ரிவால்வரின் உருளையை வெளியே தள்ளி, நடுங்கும் விரல்களால் ஆறு தோட்டாக்களை ஒவ்வொன்றாக இட்டு, உருளையை மூடி, இருட்டில் கூடத்துக்கு வர வேண்டும். வந்தபின், எதிரே தெரியும் உருவம் திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த பேரனா, சத்தம் கேட்டு ஓடிவந்த காவலாளியா என்று அரை நொடியில் கண்டுகொள்ள வேண்டும்.

அதன்பின் குறி. நியூயார்க் காவல்துறையின் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை, இருதரப்பும் சுட்டுக்கொண்ட மோதல்களில் காவலர்கள் சுட்ட குண்டுகளில் இலக்கைத் தொட்டவை சராசரியாக 18 சதவீதம். எதிராளி திருப்பிச் சுடாத நேரத்திலும் 30 சதவீதம்தான். அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி பெற்றவர்கள், காவல் பணிக்கான பிஸ்டல் வைத்திருந்தவர்கள். நம் ஊர்க்காரருக்கோ லைசென்ஸில் குறித்த அளவுக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. கைத்துப்பாக்கியில் தொடர்ந்து பழக இடமும் அரிது. காவல்துறை நடத்தும் பொதுமக்கள் பயிற்சி முகாமில் சில நாள் ரைபிள் பிடித்த அனுபவம் நள்ளிரவுக் கூடத்துக்குப் போதாது. இலக்கைத் தொடாத குண்டு காற்றில் கரைந்துவிடுவதுமில்லை. மெல்லிய பிளைவுட் கதவுக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் அப்பால், அடுத்த அறையிலும் எதிர்வீட்டிலும் மனிதர்கள் தூங்குகிறார்கள்.

இதற்கு ஆர்வலர்கள் சொல்லும் பதில்: ‘லாக்கரில் ஏன் வைக்கிறாய்? குண்டு போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வை.’ இங்கேதான் இந்தக் கருத்தின் அடிப்படை முரண் வெளிப்படுகிறது. பூட்டி வைத்தால் நேரத்துக்குக் கிடைக்காது. நேரத்துக்குக் கிடைக்கும்படி வைத்தால் எல்லார் கைக்கும் கிடைக்கும். எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு, கோபத்தில் இருக்கும் கணவனின் கைக்கு, வாழ்க்கை வெறுத்துப்போன மகளின் கைக்கு. எந்த மாடல் வாங்கினாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த முரண் தீராது.

அடுத்த கேள்வி, நம்மைக் கொல்ல வருகிறவர் யார் என்பது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டுக்கு 28,522 கொலை வழக்குகளைப் பதிவு செய்திருக்கிறது. அவற்றில் தகராறு காரணமாக நடந்தவை 9,962. முன்விரோதம் 3,761. பொருள் ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. அதாவது நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. நம் பயமெல்லாம் முகமூடிக் கொள்ளையனைச் சுற்றி இருக்கிறது. கொலைகளோ பங்காளிச் சண்டையில், சொத்துத் தகராறில், பழைய பகையில் நடக்கின்றன. தமிழ்நாட்டுக்கே நன்றாகத் தெரிந்த துப்பாக்கிச் சூடு 1967 ஜனவரி 12 அன்று ராமாவரத்தில் எம்.ஜி.ஆரின் வீட்டில் நடந்தது. சுட்டவர் சுவரேறிக் குதித்தவர் இல்லை. கூடவே நடித்த எம்.ஆர். ராதா. தயாரிப்பாளர் ஒருவருடன் வந்து, வரவேற்கப்பட்டு, உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர். பேச்சு முற்றும் இடத்தில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. தகராறுகள் நடக்கும் கூரைக்குக் கீழேயே துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொல்கிறோம்.

வீட்டில் ஆளில்லாத நேரத்தையும் பார்க்க வேண்டும். பூட்டிய வீட்டைத் தேடி வரும் திருடனுக்குத் துப்பாக்கி தடையாக இருப்பதில்லை, கொள்ளைப் பொருளாகிறது. லைசென்ஸோடு வாங்கியது லைசென்ஸ் இல்லாத கைக்குப் போய்ச் சேர்கிறது. தேர்தல் வந்தாலோ, லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவு வருகிறது. கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல் 2023 மார்ச் 29 அன்று அறிவிக்கப்பட்டு, மே 13 அன்று முடிவு வந்தது. மறு ஆண்டு மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 தொடங்கி ஜூன் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படிப் பல வாரம் காவல் நிலையத்தில் கிடக்கும் ஒரு பொருளை வீட்டின் முதல் அரண் என்று எப்படி நம்புவது? தெருவில் சூடு ஏறும் நாட்களில் தனியார் கையில் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்று அரசே கருதுகிறது என்பதும் இதில் தெரிகிறது. வீட்டுக்குள் சூடு ஏறும் நாட்களுக்கு மட்டும் எந்த அறிவிப்பும் வருவதில்லை.

அந்த நாட்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். அடுத்த தெருவில் நடந்த கொலை தரும் பயம் ஆறு மாதத்தில் அடங்கிவிடும். அந்தப் பயத்தில் வாங்கிய எஃகுத் துப்பாக்கி அறுபது வருடம் உழைக்கும். அந்த அறுபது வருடமும் வீடு ஒரே மாதிரி இருக்காது. இன்று மழலை பேசும் பையன் பதினேழு வயதில் நுழைவுத் தேர்வில் தோற்று அறையைச் சாத்திக்கொள்வான். வேலை போகும், வீட்டுக் கடனின் தவணை நிற்கும். மணவாழ்வு கசக்கும். குடிப்பழக்கம் வரும். வாங்கியவரே எண்பது வயதில் ஞாபகம் தவறி, பெற்ற மகனைப் பார்த்து ‘யார் நீ’ என்று கேட்பார். இத்தனை மாற்றங்களிலும் மாறாமல், துருப்பிடிக்காமல், முதல் நாள் சுட்டதுபோலவே சுடத் தயாராக இருக்கும் ஒரே பொருள் அந்தத் துப்பாக்கி. வாங்கிய நாளில் அதன் சொந்தக்காரர் நிதானமானவர் என்பதற்குப் போலீஸ் விசாரணை சாட்சி சொல்லலாம். இருபது வருடம் கழித்து அந்த வீட்டில் யார் எந்த மனநிலையில் இருப்பார்கள் என்பதற்கு யாரும் சாட்சி சொல்ல முடியாது.

சட்டமும் இந்த நீண்ட ஆயுளை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. உரிமையாளர் இறந்தபின் வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். எழுபது வயதானாலோ, இருபத்தைந்து வருடம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித்தர 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வழி செய்கின்றன. தாத்தாவின் பயம் பேரனின் அலமாரிக்கு இப்படி வந்து சேர்கிறது.

இது வெறும் ஊகமில்லை. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் 2 கோடியே 63 லட்சம் பேரை 2004 முதல் 2016 வரை தொடர்ந்து கவனித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தற்கொலையால் இறந்த விகிதம், வைத்திராதவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். பெண்களிடையே அது ஏழு மடங்கு. துப்பாக்கியால் நிகழ்ந்த தற்கொலையை மட்டும் எடுத்தால் ஆண்களுக்கு எட்டு மடங்கு, பெண்களுக்கு முப்பத்தைந்து மடங்கு. துப்பாக்கி வாங்கிய உடனே அபாயம் உச்சத்தில் இருந்தது உண்மை. ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதனாலேயே உயிரை மாய்த்துக்கொண்ட மரணங்களில் 52 சதவீதம், வாங்கி ஒரு வருடம் கழிந்த பிறகே நடந்தன. அதாவது சாவதற்கென்று வாங்கியவர்களின் கதை மட்டுமில்லை இது. வேறு எதற்கோ வாங்கிய துப்பாக்கி, காத்திருந்து ஒரு கெட்ட நாளைச் சந்தித்த கதை.

அதே ஆய்வுக் குழு 2022இல் இன்னொரு கேள்வியை எடுத்தது: தான் துப்பாக்கி வைத்திராமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவருக்கு என்ன ஆகிறது? அவர்கள் கொலையாகும் விகிதம் மற்றவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கணவரோ துணைவரோ சுட்டு இறப்பது ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ‘மனைவி, மக்கள் பாதுகாப்புக்காக வாங்குகிறேன்’ என்று சொல்கிறவர் இந்தக் கணக்கை மனைவிக்குப் படித்துக் காட்டிவிட்டு வாங்கட்டும்.

அமெரிக்கக் கணக்கு நமக்குப் பொருந்தாது என்பார்கள். அங்கே கடைக்குப் போய் வாங்கலாம், இங்கே கமிஷனர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கி வீட்டுக்கு வந்தபின் நடப்பவை மனித மனத்தைப் பற்றியவை. அதில் கலிஃபோர்னியாவுக்கும் கோரமங்களாவுக்கும் வேறுபாடு இல்லை. நம் மனத்தின் நிலையும் தேற்றிக்கொள்ளும்படி இல்லை. 2019இல் நாட்டின் பெருநகரங்களில் தற்கொலை எண்ணிக்கையில் சென்னை 2,461, டெல்லி 2,423, பெங்களூர் 2,081 என்று முதல் மூன்று இடங்களில் இருந்தன. மனத்துயரில் இருப்பவர்களுக்காக 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்குத் தலைமை மையமே இந்த ஊரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ்தான். எந்த நேரமும் 14416ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைச் சுழற்ற ஒருவருக்கு நேரம் வேண்டும். துப்பாக்கி அந்த நேரத்தைத் தருவதில்லை.

‘சாக நினைப்பவன் எப்படியும் சாவான்’ என்பது இந்த விவாதத்தில் அடிக்கடி வரும் கொடுமையான வாக்கியம். அது பொய் என்று பக்கத்து நாடே காட்டியிருக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1995இலும் 1998இலும் தடை செய்தார்கள். அங்கே 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் 2005க்குள் பாதியானது. மக்களின் துயரம் பாதியாகிவிடவில்லை. போர் முடியவில்லை, வறுமை தீரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கொடிய நஞ்சு விலக்கப்பட்டது, அவ்வளவே. இஸ்ரேல் ராணுவம் 2006இல், வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்று ஆணையிட்டது. இளம் வீரர்களின் தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. ஆயுதம் பழகிய நாடு, ஆயுதம் பழகிய பிள்ளைகள். அவர்களுக்கே வீட்டில் துப்பாக்கி இல்லாதது உயிரைக் காத்தது.

கர்நாடகத்தில் இந்த விவாதம் நடந்தால் குடகு கட்டாயம் வரும். ‘கொடவர்களைப் பார், வீட்டுக்கு வீடு துப்பாக்கி, அங்கே என்ன கெட்டுப்போயிற்று?’ கொடவர்களுக்கும், ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொடர்கிறது. மத்திய அரசு 2019இல் அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த மரபை நான் மதிக்கிறேன். அதை மதிப்பதாலேயே அதைப் பெங்களூருக்கு உவமை காட்டுவதை ஏற்க மறுக்கிறேன். குடகில் துப்பாக்கி ஊரறிந்த பொருள். குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, சாவு விழுந்தால் இரண்டு வேட்டு என்று ஊருக்குச் செய்தி சொன்னது. கைல்போல்து பண்டிகையில் பூ வைத்து வணங்கப்படுவது. காப்பித் தோட்டத்தில் காட்டு விலங்குகளுக்கு நடுவே வேலை செய்கிறவர்களின் நீளத் துப்பாக்கி அது. குலமும் ஊரும் கண்காணிக்கும் உடைமை. பெங்களூரில் எதிர்வீட்டுக்காரரின் பெயரே தெரியாத பதினான்காம் மாடியில், படுக்கையறை அலமாரியில் மறைத்து வைக்கும் கைத்துப்பாக்கிக்கும் அதற்கும் பொதுவாக இருப்பது வெடிமருந்து மட்டுமே.

வரலாற்றைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை நம் தலைவர்கள் எதிர்த்ததும், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசியதும் உண்மை. ஒரு அந்நிய ஆட்சி ஒரு தேசத்தை ஆயுதமற்றதாக்கியதற்கு எதிரான குரல் அது. சுதந்திரம் வந்தபின் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் எச்.வி. காமத் ஆயுத உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. சபையும் ஏற்கவில்லை. அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளதுபோன்ற ஆயுத உரிமை நம் அரசியலமைப்பில் எவருக்கும் வழங்கப்படவில்லை என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது. நம் முன்னோர் மறந்து விட்டுவிட்ட உரிமை இல்லை அது. பேசி, யோசித்து, வேண்டாம் என்று வைத்தது.

‘அப்படியானால் தனியாக இருக்கும் முதியவர்கள் என்ன செய்வது, கழுத்தை நீட்டுவதா?’ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் துப்பாக்கியை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. பயம் நியாயமானது, பயப்படுகிறவர்களை நான் பழிக்கவில்லை. அவர்களுக்குத் தேவை நேரம். உள்ளே வர முயல்கிறவனைத் தாமதப்படுத்துவதும், உதவியை விரைவுபடுத்துவதும்தான் வீட்டுப் பாதுகாப்பின் சாரம். கனமான மரக் கதவு, சட்டத்தோடு சுவரில் ஆழமாகப் பதித்த தாழ், முன்கதவுக்கு வெளியே இன்னொரு இரும்புக் கதவு, பின்கட்டிலும் மாடிப்படியிலும் அணையாத விளக்கு. இவற்றோடு, படுக்கையறைக்கே உள்ளிருந்து பூட்டும் உறுதியான கதவு: எழுந்ததும் அதைப் பூட்டிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் கைபேசியில் 112ஐ அழைத்தால் ஹொய்சளா ரோந்து வண்டிக்குத் தகவல் போகும். சத்தம் எழுப்பும் அலாரம் அண்டை வீட்டாரை எழுப்பும். ஒரு நல்ல கைத்துப்பாக்கியின் விலையில் இவை அனைத்தையும் செய்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். இவற்றில் எதுவும் கோபத்தில் இருக்கும் ஒருவன் கையில் கொலைக்கருவி ஆகாது.

முதியோருக்கென்று பெங்களூர் நகரக் காவல்துறையும் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் சேர்ந்து 2002 முதல் 1090 என்ற உதவி எண்ணை நடத்திவருகின்றன. அந்த எண் எத்தனை வீடுகளின் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது? போலீஸ் தாமதமாக வருகிறது என்றால், குடியிருப்போர் சங்கங்கள் அதைத்தான் கேட்க வேண்டும். ரோந்து ஏன் வரவில்லை, வேலையாட்களின் விவரச் சரிபார்ப்பு ஏன் முடங்கிக் கிடக்கிறது, தனியாக இருக்கும் முதியோரின் பட்டியல் காவல் நிலையத்தில் இருக்கிறதா, மாதம் ஒருமுறையாவது காவலர் வந்து பார்க்கிறாரா? அந்தக் கேள்விகளைக் கேட்பதற்குப் பதிலாக ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கிக்கொள்வது, அரசின் கடமையைக் காசு உள்ளவர்களின் தனிச் சொத்தாக மாற்றும் வேலை. துப்பாக்கி வாங்க முடியாத அடுத்த தெருக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, வாசலில் தடியோடு உட்கார்ந்திருக்கும் காவலாளி ஆகியோரின் உயிருக்கு அதில் இடமே இல்லை.

அரசிடமும் ஒரு கோரிக்கை. 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி கர்நாடகத்தில் துப்பாக்கி லைசென்ஸ்கள் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம். கர்நாடகத்தைவிட மக்கள்தொகை அதிகமுள்ள தமிழ்நாட்டில் சுமார் 22,500. குடகின் விலக்கு வேறு கணக்கு என்றாலும், இந்த வேறுபாடு பெரிது. இங்கே லைசென்ஸ் தருமுன் குற்றப் பின்னணி பார்க்கிறார்கள், அக்கம்பக்கம் விசாரிக்கிறார்கள். கனடாவில் அதோடு நிற்பதில்லை. லைசென்ஸ் கேட்பவர் தன் வாழ்க்கைத் துணையையும், கடந்த இரண்டு ஆண்டுகளில் பிரிந்த துணை இருந்தால் அவரையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டாக வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் லைசென்ஸ் கிடைக்காது. அந்த விதி இங்கும் வரவேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதும், அந்த வீட்டில் வாழும் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும்: இந்தத் துப்பாக்கி இந்த வீட்டில் இருப்பதில் உங்களுக்கு அச்சம் உண்டா? ஒருவர் ‘உண்டு’ என்றாலும் லைசென்ஸ் நிறுத்தப்பட வேண்டும்.

துப்பாக்கி வாங்கும் முடிவை வீட்டில் ஒருவர் எடுக்கிறார். அதோடு வாழ்வதோ வீட்டில் உள்ள அத்தனை பேரும், அவர்களுக்குப் பின் வருகிறவர்களும். ஆகவே எந்த ரகம், எத்தனை அங்குலக் குழல், எத்தனை வருடம் உழைக்கும் என்று விசாரிக்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கும்போதே அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிடுங்கள். நலம் குறைந்த பிறகு ஒப்படைக்கலாம் என்று காத்திருந்தால், அந்த முடிவை எடுக்கும் நிலையில் நீங்கள் இல்லாமல் போகலாம்.